மூலைக் கட்டில் மணி

"வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள கிளம்புறியா? இங்க என்னடி குறை?" என்றாள் தலைமை நர்ஸ்.

"மூலைக் கட்டில் பெரியவர் இறந்துபோனதுலேருந்து அவர் மணி காதுலயே அடிக்குது சிஸ்டர்."

"இருந்தப்ப நம்ம உயிரை வாங்கினது போதாதா அவருக்கு? போகப் போகச் சரியாயிடும், போ."

சரியாகவில்லை. ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாளைப் பார்த்துக்கொள்ள அவளைப் போனில் கேட்டிருந்தார்கள். ஒரே நோயாளி, வார்டு கிடையாது, மணி கிடையாது. நேரில் பார்த்து முடிவெடுக்கலாம் என்று போனாள்.

அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீதான் வேணும்னு பையன்கிட்ட அடம்பிடிச்சேன்மா. மூலைக் கட்டில்ல இருந்தாரே, அவரு என் வீட்டுக்காரரு. 'எத்தனை தடவை மணியடிச்சாலும் முகம் சுளிக்காம ஓடி வருது அந்தப் பொண்ணு'ன்னு போன்ல சொல்லிட்டே இருப்பாரு."

தலையணைக்கடியிலிருந்து ஒரு சிறிய மணியை எடுத்து ஆட்டிக் காட்டினாள். "இதை அடிச்சா வந்துடுவே தானே?"

பெரியவர் மணியடித்து அவள் போகாதது ஒரே ஒரு தடவைதான். வழக்கம்போலச் சும்மா கூப்பிடுகிறார் என்று இருந்துவிட்டாள். மணி தானாக நின்றபோது நிம்மதியாகக்கூட இருந்தது.