கூறைச்சேலையில் ஓர் இழை

இழை பொசுங்கவில்லை. உருகியது.

அகல் சுடரின் நுனியில் சுருண்டு, சொட்டி, கறுப்பாய் ஒரு மணியாக நின்றது. விரலால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. சூடு மட்டும் நன்றாக ஏறியது.

நல்ல பட்டென்றால் முடி பொசுங்கும் வாடை வரும். தொட்டால் சாம்பலாய் உதிரும். இதில் பிளாஸ்டிக் வாளியை எரித்த நாற்றம்.

மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம்தான் கூறைச்சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நாளை காலை மகளுக்கு முகூர்த்தம். தாலி ஏறும்போது இந்தச் சேலைதான் உடம்பில் இருக்க வேண்டும்.

"என்ன மதினி, அசல்தானா?"

கதவருகே நாத்தனார். பட்டு மாதிரி இல்லை, தொட்டால் கை வழுக்குகிறது, முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள் என்று கிளப்பிவிட்டதே அந்த மகராசிதான்.

கணவரை நினைத்தாள். இந்த மனிதர் காதில் விழுந்தால் பந்தக்காலைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை.

பையனையும் நினைத்தாள். தங்கமான பையன். அவனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்று ஜெயித்த கல்யாணம் இது.

"அசல்தான்" என்றாள்.

மணியைச் சன்னல் வழியே சுண்டிவிட்டாள்.

பொய் சொன்னதில் வருத்தமில்லை. நிம்மதியாகவே தூங்கினாள்.

காலையில் மணமேடையில் ஓமகுண்டத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இந்தச் சேலையோடு மகள் நெருப்பை மூன்று முறை சுற்றி வரவேண்டும். பட்டில் பொறி விழுந்தால் கருகி அந்த இடத்தோடு நின்றுவிடும். இது உருகும். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

"சாமி, தீ கொஞ்சமா இருந்தாப் போதுமே" என்று ஐயரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அக்னி நல்லா வளரணும்மா. அதுதான் க்ஷேமம்."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி நெய் விட்டார்.

தாலி ஏறியது. மேளம் அதிர்ந்தது. அவளுக்குக் கண் கலங்கக்கூட நேரமில்லை.

முதல் சுற்றில் மகளுக்குப் பின்னாலேயே போனாள், முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி.

"அம்மா, நீங்க மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் போட்டோக்காரர்.

அவள் தள்ளவில்லை. பெண்ணைப் பிரிய மனசு வரவில்லை பார் என்று கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாம் சுற்றில் மின்விசிறியின் காற்று இந்தப் பக்கம் திரும்பியது. கொசுவம் விசிறிப் பறந்தது, நேரே தீயை நோக்கி.

பின்னால் நின்றவளுக்கு எட்டவில்லை.

குறுக்கே ஒரு கை வந்து கொசுவத்தை அள்ளிக்கொண்டது.

மாப்பிள்ளையின் அம்மா.

மறு கையில் ஒரு துண்டு. தண்ணீரில் முக்கி எடுத்தது. மேடையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு சுத்துதான்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.