தெருவுக்கு எதுக்கு சிக்னல்?

“தையல் மெஷினுக்கு எதுக்கும்மா வைஃபை? அது என்ன, படம் பாக்குதா?”

மூத்தவள் பாதி மாடிப்படியில் நின்று கத்தினாள். கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

அம்மா முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னல் கட்டையின் மேல், தெருவைப் பார்த்தபடி பழைய ரவுட்டர் இருந்தது. வெள்ளை நிறம் மஞ்சளாகிப்போன பெட்டி. ஒடிந்த ஆன்டெனாவை ரப்பர் பேண்டு தாங்கிக்கொண்டிருந்தது.

“புதுசு வாங்கு, வேண்டாங்கல. ஆனா அது இதே இடத்துலதான் இருக்கணும்,” என்றாள் அம்மா, நிமிராமல்.

கடையிலிருந்து வந்தவர் மூன்று அட்டைப் பெட்டிகளைத் தரையில் பரப்பிவிட்டு, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் துடைத்த ஸ்க்ரூ டிரைவரையே மறுபடி துடைத்தார்.

“காலைல என்ன ஆச்சு தெரியுமா சார்?” மூத்தவள் அவர் பக்கம் திரும்பினாள். “மாடிப் பின்னறைதான் என் ஆபீஸ். டாக்டருக்கும், அவர் பேசறது புரியாத நோயாளிக்கும் நடுவுல வீடியோவில மொழிபெயர்க்கிறேன். ஒரு வயசானவர்கிட்ட, ‘ராத்திரி இந்த மாத்திரையை மட்டும்’ வரைக்கும் சொல்லியிருப்பேன். லைன் போச்சு. மட்டும் போடணுமா, போடக் கூடாதா? அந்த மனுஷன் திறந்த வாயோட ஸ்க்ரீன்ல அப்படியே உறைஞ்சு நிக்கிறார். இது மூணாவது தடவை. நாலாவது நடந்தா வேலைக்கே வர வேண்டாம்னு மெயில் வந்தாச்சு.”

“நீளமான வீடு மேடம். நடுவுல, படிக்கட்டுகிட்ட வெச்சா எல்லா ரூமுக்கும் வந்துடும். ஜன்னல்ல வெச்சா பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும்.”

“கேட்டியாம்மா? எதிர் பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்கெல்லாம் தர்மம் பண்ணிட்டிருக்கோம்!”

“பண்ணினா என்ன குறைஞ்சிடுச்சு?”

மாடியிலிருந்து மருமகன் குரல் வந்தது. “அத்தை! பையனுக்கு நாளைக்கு ஆன்லைன் பரீட்சை. மாமியாரும் மகளும் சண்டையை முடிச்சிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க!”

வந்தவர் பழைய ரவுட்டரைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். “இதை முதல்ல மாத்தணும். ஒண்ணுல ஆரம்பிச்சு எட்டு வரைக்கும் வரிசையா! தெருப் பூனைகூட இந்தப் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சிடும்.”

அம்மா சட்டையை மடியில் போட்டாள். “வைஃபை பேரையும் மாத்தக் கூடாது, பாஸ்வேர்டையும் மாத்தக் கூடாது.” மகளைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாம மாத்தினே, கையை ஒடிச்சிடுவேன்.”

வந்தவர் தன் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மூத்தவளுக்குத் தலைக்கேறியது. “இதே வீம்புலதானே தம்பியைத் துரத்தினே? படிப்பைப் பாதியில விட்டுட்டான்னு வாசலோட அனுப்பினே. நாலு வருஷமா அந்த வாலு எங்க இருக்கான், என்ன சாப்பிடறான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பியா? அடுத்தது நாங்களா?”

“அவன் பேச்சை இந்த வீட்டுல எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்.”

வந்தவர் தொண்டையைச் செருமினார். “மூணு பெட்டி சேர்ந்த செட் ஒண்ணு இருக்கு. ஒண்ணு மாடில, ஒண்ணு படிக்கட்டுகிட்ட. மூணாவது எங்க வேணாலும்...”

அம்மா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். “மூணாவது இந்த ஜன்னல்ல இருக்குமா?”

“வெச்சுக்கலாம்மா.”

“அதே பேரு? அதே பாஸ்வேர்டு?”

“போடலாம். ஆனா நல்லதில்ல.”

“போடுங்க. ஆறு மணிக்குள்ள முடிச்சிடணும்.”

“ஆறு மணிக்கு உனக்கு என்ன, சீரியலா?” மூத்தவள் பல்லைக் கடித்தாள்.

“ஆமா. வெள்ளிக்கிழமை சீரியல்.”

அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தே மூத்தவள் பார்த்ததில்லை.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று பெட்டிகளும் பச்சைக் கண்ணைத் திறந்தன. மாடியில் மருமகன் கைதட்டினான். வந்தவர் மூத்தவளின் போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். “யார் யார் உங்க லைன்ல இருக்காங்கன்னு இதுல தெரியும். வேண்டாதவங்களா இருந்தா, இந்தச் சிவப்பு வட்டத்தைத் தொடுங்க. அவங்க போன் அப்புறம் இந்தப் பக்கமே வராது.”

அவள் எண்ணினாள். “என் லேப்டாப், என் போன், அவர் போன், பிள்ளைங்களோட ரெண்டு போன், டிவி, அம்மா போன். ஏழு.” அன்று அவள் கத்தாமல் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

ஆறு அடித்தது. அம்மா மெஷின் விளக்கை ஏற்றி, ஜன்னல் திரையை முழுவதும் ஒதுக்கிவிட்டாள்.

மூத்தவள் கையில் போன் அதிர்ந்தது. பட்டியலில் எட்டு.

“பாத்தியா! பத்து நிமிஷந்தான் ஆச்சு, அதுக்குள்ள எவனோ வந்து ஒட்டிக்கிட்டான்! இதுக்குத்தானே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்? எனக்கு வேலை போகப் போகுது, தெருவுல நிக்கிற திருட்டுப் பயலுக்கு ஓசியில சிக்னல்! இப்பவே தொலைக்கிறேன் பார்.” அவள் விரல் சிவப்பு வட்டத்துக்குப் பாய்ந்தது.

“இருங்க மேடம், பேர் போட்டிருக்கே.” வந்தவர் எட்டிப் பார்த்துப் படித்தார். “வாலு.”

விரல் அப்படியே நின்றது. எதிர் ஸ்டாப்பில் ஒரு பஸ் வந்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஒருவனை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

“கத்தாதேடி,” என்றாள் அம்மா, ஜன்னலிலிருந்து திரும்பாமல். “இன்னும் ரெண்டு பஸ்ஸை விடுற நேரந்தான் நிப்பான்.”