உங்க பக்கம், எங்க பக்கம்

வக்கீல் கேட்ட பட்டியலை இன்றைக்குள் முடித்தாக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேனா அவளிடம் இருந்தது.

"ஃப்ரிட்ஜ்?"

"உங்க பக்கமே இருக்கட்டும். வாஷிங் மெஷின் எங்க பக்கம்" என்றான் அவன்.

எழுதினாள். பீரோ, மிக்ஸி, டி.வி. வரை சண்டையில்லாமல் போயிற்று.

"கட்டில்?"

"ரெண்டு பக்கமும் வேணாம். வித்துடலாம்."

இருவரும் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார்கள். இதெல்லாம் முடிந்த பிறகு இவன் தன்னிடம் பேசுவானா என்பதுதான் காலையிலிருந்து அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

"தையல் மெஷின் எங்களுக்கு" என்றாள்.

"அது எப்படி? அதுக்கு மோட்டார் வாங்கி மாட்டினது யாரு?"

"மாட்டினா ஆச்சா? உங்க பக்கத்துல யாருக்காவது ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?"

"பாத்தியா, இதான் உன் புத்தி! ஒண்ணுத்துலகூட விட்டுக்கொடுக்க மாட்ட."

"விட்டுக்கொடுத்தே தேய்ஞ்சு போனவங்க நாங்க. இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படுக்கையறைக் கதவு திறந்தது. பாதி மடித்த சட்டையுடன் அப்பா வெளியே வந்தார்.

"எங்களுக்குப் பதிலா பேசச் சொன்னா, அக்காவும் தம்பியும் எதுக்குடா அடிச்சுக்கறீங்க? பிரியறது நானும் உங்கம்மாவும்தான். நீங்க இல்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மூன்று மாதமாக அப்பா சொன்ன எதற்கும் வாய் திறக்காத அம்மா, உள்ளிருந்தே சொன்னாள்:

"அதானே!"