கால் வேர்வைக்கு ஒரு நம்பர்

"செருப்பைக் கழட்டுனா உள்ள வா. இல்லாட்டி ஊட்டுக்குப் போ," என்றான் சூப்பர்வைசர் கந்தவேல்.

சபுரா பீவி இரண்டையும் செய்யவில்லை. தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் ஹால் வாசலிலேயே நின்றாள்.

அருள்புரத்தில் அந்தப் பனியன் கம்பெனிக்குள் யாரும் செருப்போடு நுழையக் கூடாது. தரையெங்கும் வெள்ளைத் துணி குவிந்து கிடக்கும். எக்ஸ்போர்ட் ஆர்டர். ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் பீஸ் திரும்பி வந்துவிடும். சட்டம் நியாயம்தான். ஆனால் சபுராவுக்குச் சின்ன வயதிலிருந்தே பாதம் வேர்த்துக் கொட்டும். வெறுங்காலோடு நடந்தால் சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் விழும்.

"உள்ள போடறதுக்குன்னே புதுச் செருப்பு வாங்கியிருக்கறேனுங்க. துணியில ஈரம் படக்கூடாதுன்னுதான் கேக்கறேன்."

சத்தம் கேட்டு முதலாளி செங்கோட்டையன் வந்தார், பூட்ஸ் டக்டக்கென்று ஒலிக்க. அந்த ஹாலில் காலில் மாட்டிக்கொண்டு நடக்கிற ஒரே ஆள் அவர்தான். முதலாளியின் கால் தரையில் படாதாம் என்று பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சபுராவும் சிரித்திருக்கிறாள்.

செருப்புக்குள் வேர்த்து மின்னிய அவள் பாதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இரண்டடி பின்னால் போனார்.

"இது தொத்து வியாதியாச்சே. தொத்து இல்லைன்னு டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்."

சபுராவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனாலும் கெஞ்சவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, "வெறும் வேர்வைதாம்மா. யாருக்கும் ஒட்டாது," என்றார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நம்பர் உண்டு; அதைச் சீட்டில் போட்டு முத்திரை குத்த வேண்டியது கிளார்க் சுப்பையன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு நம்பரை எழுதி நீட்டினார்.

"இந்த நம்பருக்கு என்னங்க அர்த்தம்?"

"தோல்ல வர்ற தொத்து. கால்ல எது வந்தாலும் இதைத்தாம்மா போடுவோம்."

"எனக்குத் தொத்து இல்லைன்னு டாக்டர் சொன்னாருங்களே?"

"வெறும் நம்பர்தானம்மா. அது என்ன பேசவா போகுது?"

"எங்க கம்பெனியில பேசுமுங்க. என் சோத்துல மண்ணு போட்டுரும். என் காலுக்கு எது நம்பரோ, அதைப் போடுங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. சபுரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். சுப்பையன் வேண்டாவெறுப்பாக நம்பர்கள் அடங்கிய தடிப் புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அட, வியாதிப் பக்கத்துலயே இல்லியே. அறிகுறிப் பக்கத்துலதான கெடக்குது. ஏழு எட்டு சைபர், புள்ளி எட்டு."

"பக்கத்துலயே 'அதிக வேர்வை, தொத்து இல்லை'ன்னு தமிழ்லயும் எழுதிருங்க."

அவர் எழுதினார். எழுதாவிட்டால் இவள் போகமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை சபுரா ஹால் வாசலில் சீட்டை நீட்டினாள். முதலாளி வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார்.

கந்தவேல் விடவில்லை. "வியாதி இல்லீன்னாலும் சட்டம் சட்டம்தானுங்க முதலாளி. இவளைச் செருப்போட விட்டா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

சபுராவுக்குப் பொறுமை போய்விட்டது.

"முதலாளி பூட்ஸோட ஹால் பூராவும் சுத்தறாரு. அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமுங்களா? அவரு காலு மட்டும் தங்கமுங்களா?"

பக்கத்துத் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி சீட்டோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தாள். சொன்னதை மட்டும் திரும்ப வாங்குவதாக இல்லை. வாசலோரம் வைத்திருந்த, மதியச் சாப்பாடு கொண்டுவந்த சோத்துப்போசியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கதவு திறந்தது. செங்கோட்டையன் வந்தார். பூட்ஸ் சத்தம் கேட்கவில்லை. வெறுங்கால்.

அறை வாசலிலிருந்து அவர் நடந்து வந்த வழியெல்லாம், சிமெண்டுத் தரையில் ஈரத்தடம்.

"யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் நெசமாவே சொன்னாரா, கண்ணு?" என்றார். "உங்களுக்கெல்லாம் ஒட்டிக்குமோன்னு பயந்துதான், நான் இத்தனை வருசமா பூட்ஸையே கழட்டலை."