வீலிகேசாவின் ஆட்சேபணை

"ஹோட்டல்காரன் வீலிகேசாவை மடக்கிட்டான் மேடம். இனிமே சந்தேகமே வேண்டாம்."

லெவுகா என்ற தீவு நகருக்குப் போகும் படகில், தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் வக்கீல் கம்லேஷ் தேவ் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

மரபுக் கட்டடக் காப்பு மன்றத்துக்கு மெரேசினி தலைவராகி ஏழு மாதம் ஆகிறது; கம்லேஷ் அதில் உறுப்பினர். வந்த நாளிலிருந்து ஒரே ஒரு வீட்டைக் காப்பாற்றத்தான் படாத பாடு படுகிறார்.

லெவுகா கடற்கரைத் தெருவில் நூற்று முப்பது வருடத்து மரவீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை லூசியானாவுக்குச் சொந்தம். அதை வாங்கி இடித்துவிட ஒரு ஹோட்டல் கம்பெனி துடிக்கிறது. மன்றத்தின் பட்டியலில் ஏறிவிட்டால் யாரும் தொட முடியாது.

ஏற விடாமல் தடுத்தது மன்றத்து உறுப்பினரேதான். வீலிகேசா. ஓய்வுபெற்ற சர்வேயர். பதினெட்டு வருடமாக மன்றத்தில் இருப்பவர்.

முதல் கூட்டத்தில், "வரைபடத்துல வடக்கைத் தப்பா காட்டியிருக்கு. திரும்ப வரைஞ்சு கொண்டாங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில், "வீடு கட்டின வருஷத்துக்கு ஆதாரம் எங்க?" என்றார்.

மூன்றாவது கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். வாக்கெடுப்பு என்றதும், "வயிறு சரியில்ல" என்று எழுந்து போய்விட்டார். ஐந்து பேர் இல்லாமல் தீர்மானம் செல்லாது.

"வயிறு சரியில்லாத மனுஷன், அன்னிக்கு மத்தியானமே தேங்காய்ப்பால் மீன் ரெண்டு தட்டு வளைச்சுக் கட்டினார்" என்றார் கம்லேஷ். "அது மட்டுமா? போன மாசம் லூசியானா வீட்டு வாசல்ல ஒரு தச்சனோட நின்னு, டேப் பிடிச்சு அளந்துக்கிட்டிருந்தாராம். என் மச்சான் கண்ணால பார்த்திருக்கான். இடிக்க எத்தனை நாளாகும்னு கணக்குப் போடுறாங்க போல."

மெரேசினிக்குச் சுருக்கென்றது.

"இன்னிக்கும் முட்டுக்கட்டை போட்டார்னா, அவரை நீக்கச் சொல்லி அமைச்சருக்கு நானே எழுதுறேன்" என்றார்.

லெவுகா ஊர் மண்டபத்தில் கூட்டம். வீலிகேசா முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க பெரியவரே, இன்னிக்கு என்ன ஆட்சேபணை?" மெரேசினியின் குரலில் சூடு இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. தீர்மானத்தை நானே முன்மொழியறேன்."

கம்லேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

ஏழு கைகளும் உயர்ந்தன. மெரேசினி வாசித்தார்: "இன்றைய தேதியில் உள்ளது உள்ளபடியே இவ்வீடு காக்கப்படும். மன்றத்தின் அனுமதியின்றி ஒரு பலகையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது."

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மெரேசினி தாளை மடித்துப் பையில் வைத்தார். நல்ல வேளை, மனுஷர் கடைசி நேரத்திலாவது மனம் மாறினாரே!

பெயர்ப்பலகை மாட்டுவதற்காக எல்லோரும் அந்த வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வராந்தாவுக்கு ஏறும் ஒன்பது படிகளை ஒட்டி, முற்றத்தை வளைத்துக்கொண்டு, பலகையால் ஒரு சாய்வுப் பாதை. பெயின்ட்கூட இன்னும் சரியாகக் காயவில்லை.

அதில் சக்கர நாற்காலி ஒன்று உருண்டு வந்தது. உட்கார்ந்திருந்தவர் லூசியானாவின் கணவர் எமோரி. சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்து வருடம் ஒன்றாகிறது.

"புலா, புலா! எல்லாருக்கும் வணக்கம்! வழி விடுங்கப்பா, எனக்கு இன்னும் பிரேக் பிடிபடல!"

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் வீலிகேசா.

"ரொட்டி வாங்க. நானே போய் வாங்கணும்." நாற்காலி தெருவில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பியது.

அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்த லூசியானா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவரைத் தூக்கி இறக்க நாலு ஆள் வேணும். அதுக்காகவே வீட்டை வித்துட்டுப் போயிடலாம்னு இருந்தோம். வீலிகேசாதான், 'கொஞ்சம் பொறும்மா, பலகை வரட்டும்'னார். புயல்ல படகு நின்னுபோய், அது வந்து சேரவே மூணு மாசமாச்சு."

"பெரியவரே!" மெரேசினி வீலிகேசா பக்கம் திரும்பினார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கம்லேஷ் மறுநாளே அவசரக் கூட்டம் போட்டுப் பட்டியல்ல ஏத்தியிருப்பார். அப்புறம் ஆணி அடிக்கவும் நம்ம அனுமதி வேணும். போன தடவை ஒரு பாட்டியம்மா படிக்குக் கைப்பிடி கேட்டாங்க. நாம அனுமதி கொடுத்தப்போ, அவங்க கல்லறைக்கு ஊர்க்காரங்க வேலி போட்டுக்கிட்டிருந்தாங்க."

அமைச்சருக்கு எழுத இருந்த கடிதத்தை நினைத்து மெரேசினி தலை குனிந்தார். எழுதாமல் விட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!

கம்லேஷ் மட்டும் பாதையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மூணு மாசமா நம்மளை முட்டாளாக்கியிருக்கார் மேடம்! பழைய வீட்டு முகப்பே கெட்டுப்போச்சு. முதல்ல இதைப் பிரிச்சு எடுக்கச் சொல்லுங்க."

மெரேசினி பையிலிருந்த தீர்மானத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஒரு பலகையைத் தொட்டாலும் குத்தம், கம்லேஷ். கீழ உங்க கையெழுத்தும் இருக்கு பாருங்க."