அப்பாவின் கனவில் அவள் பேசுவது எப்படி

கட்டில் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மரம் சீராக அதிர்ந்தது.

அப்பா தூங்கிவிட்டார்.

பிறவியிலேயே காது கேட்காத அவளுக்குக் குறட்டை என்பது கை வழியாக வந்து சேரும் சேதி.

பேக்கரியில் விடிவதற்குள் அடுப்பைப் பற்றவைத்து, உச்சிவெயிலில் வீடு திரும்பி, சாப்பிட்ட கையோடு சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்திருந்தார். காதோரத்தில் மாவு ஒட்டியிருந்தது.

அவள் மடியில் பள்ளி நோட்டு. வீட்டில் யாரையாவது கேட்டு எழுதிவரச் சொல்லி டீச்சர் கனவைப் பற்றி ஐந்து கேள்விகள் கொடுத்திருந்தார். கனவில் நிறம் தெரியுமா? உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்முன் விழிப்பு வந்துவிடுமா? இறந்துபோனவர்கள் வருவார்களா? ஓட நினைத்தால் கால் ஏன் நகர்வதில்லை? இரவு கண்டது காலையில் ஏன் மறந்துபோகிறது?

சோற்றுக் கையை விட்டுவிட்டு, இடது கையால் அரைகுறையாக ஐந்துக்கும் பதில் சொல்லியிருந்தார் அப்பா. விழுவாராம். ஆனால் எப்போதும் மாவு மூட்டையின் மேல்தான் விழுவாராம்.

ஆறாவது கேள்வி டீச்சர் கொடுத்ததல்ல.

‘உங்க கனவுல நான் எப்படிப் பேசுவேன்? கையாலயா, வாயாலயா?’

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு, ‘எனக்குக் கனவே வராது’ என்று காட்டிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார்.

ஐந்து கேள்விவரை வந்த கனவு, ஆறாவதில் வராமல் போய்விட்டது.

அம்மா வாயாலும் கையாலும் ஒருசேரச் சொன்னாள்: “உங்கப்பாவா? தலகாணியப் பாத்தாலே கவுந்துடுவாரு. கனவு வந்தாக்கூட வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிடும். விடுடி வாலு.”

அவள் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

அவளுக்கு எட்டு வயதாகும்வரை அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியாகப் போன இடத்தில் டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும், வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது. அவள் பார்க்கவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் கைமொழி படிக்க வந்தார், அவளிடமே. மூன்று வருடமாகிறது. இன்னும் வாக்கியத்துக்கு ஒரு தப்பு. மாவு பிசைந்து பழகிய விரல்கள் தனித்தனியாக வளைவேனா என்கின்றன.

கனவில் அந்தக் கஷ்டம் எதற்கு? அங்கே “அப்பா” என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஒரு மகள் இருப்பாள். நாள் முழுக்க வளவளவென்று பேசுவாள். அவளோடு இருந்துவிட்டு, கண் விழித்து எழுந்து வந்து இவளைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும்?

அது தெரியாமல் நோட்டை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

சட்டத்தில் அதிர்வு நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். மூடிய இமைகளுக்குள் கண்கள் இங்குமங்கும் ஓடின. மார்பின் மேல் கிடந்த வலது கை லேசாகத் துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாள்.

ஈ இல்லை.

விரல்கள் ஒன்றாகக் குவிந்தன. உதட்டை நோக்கி இரண்டு அங்குலம் போய்த் திரும்பின.

சாப்பிட்டியா?

கை மறுபடி மார்பில் இறங்கிக் கிடந்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவரின் கை அப்படித்தான் கிடக்கும்.

அவள் இன்னும் கிட்டத்தில் குனிந்தாள். அந்தப் பக்கம் யாரோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யார், கையாலா வாயாலா என்று மட்டும் தெரியவில்லை.

அப்பாவின் புருவம் சுருங்கியது. கை எழுந்து, காற்றை இரண்டு முறை கீழே அழுத்தியது. மெதுவா, மெதுவா. பிறகு கோணல்மாணலாக, அவருக்கே உரிய தப்போடு:

உன் கை ரொம்ப வேகமா ஓடுது. அப்பாவுக்குப் புரியல.

கனவில்கூட அவருக்குப் புரியவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கப்பட்டிருக்கிறார்.

வாசற்படியில் நிழல் விழுந்தது. அம்மா டீ டம்ளரோடு வந்து, அப்பாவின் தோளைத் தட்டப் போனாள்.

அவள் பாய்ந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றொரு கையால் அவசரமாகச் சொன்னாள்:

‘எழுப்பாதம்மா. நான் இன்னும் பேசி முடிக்கல.’