கைலியில் கிழித்த துணி

சிறையின் சந்திப்பு அறையில், அவன் பிழைக்க வந்த நாட்டின் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்திருந்த வெள்ளைக்கார வக்கீல் ஒரு புகைப்படத்தைச் சாத்தையாவின் முன்னால் நகர்த்திவைத்தாள். அவனோடு ஒரே அறையில் ஆறு வருஷம் தங்கியிருந்த பூமிநாதன் அதில் பிணமாகக் கிடந்தான். கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. இன்னொரு துணி தாடையைத் தூக்கிப் பிடித்து உச்சந்தலையில் முடிந்திருந்தது. கட்டிப்போட்டு, வாயை அடைத்து, மூச்சுமுட்டக் கொன்றதாகப் போலீஸ் எழுதியிருந்தது.

“ஏன் கட்டினீங்கன்னு கேக்குறாங்க,” என்றாள் மொழிபெயர்க்க வந்த தமயந்தி.

“இழுப்பு வந்து செத்துட்டான்க்கா. செத்தவங்களுக்கு ஊர்ல கட்டுவோம்ல? சொந்தம்னு யாரும் பக்கத்துல இல்ல. என் கைலியக் கிழிச்சு நானே கட்டினேன்.”

தமயந்தி அதை வக்கீலிடம் சொன்னாள். வக்கீல் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

“செத்துட்டார்னு யார் பாத்துச் சொன்னது? டாக்டர் வந்தாரா?”

“டாக்டர் வர்ற வரைக்கும் போட்டு வைக்க முடியுமாக்கா? உடம்புல சூடு இருக்கும்போதே கட்டிரணும். வெறச்சுப்போச்சுன்னா வாய் தெறந்தபடியே நின்னுரும்.”

தமயந்தி இதையும் சொன்னாள், மெதுவாக. வக்கீலின் பேனா நின்றது. சிறைக்கு வந்த இந்த ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தான் சொல்வது ஒருத்திக்குப் புரிந்துவிட்டதென்று சாத்தையா நினைத்தான். அந்தத் தெம்பில் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

“நல்லா இறுக்கிக் கட்டினேன்னு சொல்லுங்கக்கா. ஒரு முடிச்சுகூட அவிழல. கூடப்பொறந்தவனுக்குச் செய்யுற மாதிரிதான் செஞ்சேன்.”

வக்கீல் தமயந்தியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். தமயந்தி குனிந்து, புகைப்படத்தில் இருந்த அந்த மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.